செக்குமாடும் சிகரமும்

அன்புள்ள அக்கா,

மலைநடை பற்றி நீங்கள் எழுதுவதை நீண்ட நாட்களாகப் படித்துவருகிறேன். கடிதம் எழுதுவது இதுதான் முதல் முறை. ஒரு குழப்பம், கேட்க வேறு ஆள் இல்லை.

அடுத்த ஆண்டு நண்பர்கள் சிலரோடு பத்து நாள் மலைப்பயணம் போகத் திட்டம். நடுவில் 5000 மீட்டர் உயரத்தைக் கடக்க வேண்டியிருக்கும். நான் விளையாட்டு வீரன் இல்லை. நாள் முழுக்க நாற்காலியில் உட்கார்ந்து செய்யும் வேலை. அதனால், போய்வரக்கூடிய தூரத்தில் இருக்கும் ஒரு சிகரத்தைப் பயிற்சிக்காக வாராவாரம் ஏறி இறங்குகிறேன். உச்சி 3000 மீட்டருக்குச் சற்று மேலே. பாதை தொடங்கும் இடத்திலிருந்து 1200 மீட்டர் ஏற்றம், ஒரு பக்கம் 7 கிலோமீட்டர்.

முதல் தடவை மேலே போய்ச்சேர நாலரை மணி நேரம் ஆனது. பிறகு மளமளவென்று குறைந்து மூன்று மணி பத்து நிமிடத்துக்கு வந்தது. அதோடு நின்றுவிட்டது. இரண்டு மாதமாக எவ்வளவு முக்கினாலும் அதற்குக் கீழே வர மாட்டேன் என்கிறது. போன வாரம் பத்து நிமிடம் கூடுதலாகவே ஆனது. பையில் தண்ணீர் பாட்டில்களை அடுக்கி எடை கூட்டிப் பார்த்தேன். இறங்கும்போது முழங்கால் வலிப்பதுதான் மிச்சம்.

உடன் வரப்போகிற நண்பர்கள் சிரிக்கிறார்கள். "செக்குமாடு மாதிரி ஒரே மலையைச் சுற்றி வருகிறாய், வெவ்வேறு மலைக்குப் போனால்தான் உடம்பு தேறும்" என்கிறார் ஒருவர். "பத்து மாடிக் கட்டடத்தின் படிக்கட்டே போதும்" என்கிறார் இன்னொருவர். மூன்றாமவர், வாரம் ஒருமுறை 3000 மீட்டருக்குப் போய்வந்தால் ரத்தம் ஊறி, பயணத்தின்போது உயரம் ஒன்றும் செய்யாது என்கிறார். யார் சொல்வது சரி? நான் செய்வதில் பயன் இருக்கிறதா?

அன்புடன்,
க.

*

அன்புள்ள க.,

செக்குமாடு என்று மறுபடி யாராவது சொன்னால் கிளெமென்ட் ராக் என்பவரின் கதையைச் சொல்லுங்கள். ஸ்காட்லாந்தில் பென் நெவிஸ் என்றொரு மலை இருக்கிறது. பிரிட்டனிலேயே உயரமானது, 1345 மீட்டர்தான். ஆனால் அடிவாரத்து ஊர் கடலோரத்தில் இருப்பதால் அத்தனை மீட்டரையும் காலால்தான் ஏறியாக வேண்டும். 1881 ஜூன் முதல் அக்டோபர் நடுப்பகுதி வரை அந்த மலையை ராக் ஏறக்குறைய தினமும் ஏறி இறங்கினார். வாராவாரம் இல்லை, தினமும். அதுவும் மழையும் மூடுபனியும் ஓயாத மலை. உச்சியின் காற்றழுத்தம், வெப்பநிலை எல்லாவற்றையும் குறித்துக்கொண்டு வருவது அவர் வேலை. அதே நேரத்துக்குக் கீழே அவருடைய மனைவி கடல்மட்ட அளவுகளைக் குறிப்பார். ஸ்காட்லாந்து வானிலைச் சங்கம் அவருக்குத் தங்கப் பதக்கம் தந்தது. 1883-ல் உச்சியிலேயே ஒரு வானிலை நிலையம் கட்டினார்கள். 1904 வரை அங்கே ஆட்கள் தங்கி அளவெடுத்தார்கள்.

இதில் நமக்கு வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. மேலே குறித்த நேரத்தில் எடுத்தால்தான் அந்த அளவுக்கு மதிப்பு, ஏனென்றால் கீழே எடுப்பதோடு ஒப்பிட வேண்டும். ஆகவே நேற்றைவிட இன்று வேகமாக ஏறுவதால் அந்த மனிதருக்குச் சல்லிக்காசு லாபமில்லை. அரை மணி நேரம் முன்னால் போனால் உச்சியில் குளிரில் நடுங்கிக்கொண்டு நிற்கலாம், அவ்வளவுதான். நாளைக்கும் ஏற வேண்டும் என்ற நினைப்போடுதான் அவர் ஒவ்வொரு நாளும் ஏறியிருக்க முடியும்.

நீங்கள் எழுதியதில் எனக்கு உறுத்தியது உங்கள் கடிகாரம். மலை எந்தத் தவறும் செய்யவில்லை. ஒவ்வொரு வாரமும் போன வாரத்து நேரத்தை வெல்லப் போகிறீர்கள். அது பயிற்சி ஆகாது. வாரம் ஒரு தேர்வு எழுதிவிட்டு, மதிப்பெண் ஏன் ஏறவில்லை என்று கேட்பது.

முதலில் அந்த மூன்று மணி பத்து நிமிடத்தைப் பார்ப்போம். வில்லியம் நெய்ஸ்மித் என்ற ஸ்காட்லாந்து மலையேறி 1892-ல் ஒரு கணக்குச் சொன்னார். மலையேறுகிறவர்கள் இன்றும் அதைத்தான் கைக்கணக்காக வைத்திருக்கிறார்கள். தூரத்துக்கு மணிக்கு 5 கிலோமீட்டர், அதன்மேல் ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் ஒரு மணி நேரம். உங்கள் பாதைக்கு இதைப் போட்டுப் பார்த்தால் தூரத்துக்கு ஒரு மணி 24 நிமிடம், ஏற்றத்துக்கு இரண்டு மணி, ஆக மொத்தம் மூன்று மணி 24 நிமிடம். நல்ல திடமான ஆள் ஓய்வெடுக்காமல் நடந்தால் ஆகும் நேரம் இது. நாற்காலி வேலை பார்க்கும் நீங்கள் அதற்கும் கீழே வந்துவிட்டீர்கள். இனிமேல் நிமிடங்கள் மளமளவென்று உதிராது. உதிரவில்லை என்பதற்காக உடம்பில் ஒன்றும் நடக்கவில்லை என்று எண்ணவும் வேண்டாம்.

ஆரம்பத்தில் அவ்வளவு வேகமாகக் குறைந்தது எப்படி என்று கேட்கலாம். அந்த ஆதாயத்தில் பெரும்பகுதி மலிவாகக் கிடைத்தது. பயிற்சி தொடங்கிய ஓரிரு வாரத்திலேயே ரத்தத்தின் நீர்ப்பகுதி கூடிவிடுகிறது. இதயம் ஒவ்வொரு துடிப்பிலும் கூடுதலாக ரத்தத்தைத் தள்ளுகிறது. கால் எங்கே வைப்பது, எந்தத் திருப்பத்தில் மூச்சை மிச்சம் பிடிப்பது என்று பாதையும் பழகிவிடுகிறது. ஐந்து இடத்தில் உட்கார்ந்தவர் ஒரே இடத்தில் உட்காருகிறார். இவையெல்லாம் சீக்கிரம் வரும், சீக்கிரம் தீர்ந்தும் போகும்.

இதற்கு அடுத்தது மெதுவான வேலை. தசையின் செல்லுக்குள் ஆக்சிஜனைக் கொண்டு எரிபொருளை எரிக்கும் மைட்டோகாண்ட்ரியா பெருக வேண்டும்; தசை இழைகளைச் சுற்றி நுண்ணிய ரத்தக் குழாய்கள் முளைக்க வேண்டும். ஜான் ஹோலோசி என்ற அமெரிக்க உடலியல் ஆய்வாளர், பல வாரங்கள் ஓடவிட்ட எலிகளின் தசையில் மைட்டோகாண்ட்ரியாவின் ஆக்சிஜன் பயன்படுத்தும் திறன் ஏறக்குறைய இரண்டு மடங்கானதை 1967-ல் காட்டினார். தாக்குப்பிடிக்கும் சக்தி என்று நாம் சொல்வதில் பெரிய பங்கு தசைக்குள்ளேயே வளர்கிறது என்பது அதற்குப் பிறகுதான் தெளிவாயிற்று. மூச்சு வாங்குகிறது என்றவுடன் எல்லோரும் நுரையீரலைத்தான் குறை சொல்கிறார்கள். கடல்மட்டத்துக்கு அருகே, நோயில்லாத ஆளுக்கு, நுரையீரல் பெரும்பாலும் தன் வேலையை ஒழுங்காகவே செய்கிறது. தடை இதயத்திலும் தசையிலும் இருக்கிறது.

அந்த மெதுவான வேலைக்கு என்ன தீனி போடுவது? நீண்ட நேரம், தாங்கக்கூடிய வேகம். எவ்வளவு தாங்கக்கூடியது என்பதற்குக் கருவி எதுவும் வேண்டாம். ஏறிக்கொண்டே பக்கத்தில் வருபவரிடம் முழு வாக்கியமாகப் பேச முடிந்தால் சரியான வேகம். இரண்டு சொல்லுக்கு ஒரு மூச்சு என்றால் அதிகம். தனியாகப் போகிறவர் தனக்குத்தானே உரக்கப் பேசிப் பார்க்கலாம். எதிரே வருகிறவர்கள் ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள், பார்த்துவிட்டுப் போகட்டும்.

இதன் பின்னால் ஒரு கணக்கு இருக்கிறது. உங்கள் எடையும் பையும் சேர்த்து 80 கிலோ என்று வைத்துக்கொள்வோம். அதை 1200 மீட்டர் தூக்குவதற்கு இயற்பியல் கேட்பது சுமார் 225 கிலோகலோரி மட்டுமே. ஆனால் தசை தான் எரிப்பதில் நாலில் ஒரு பங்கைத்தான் வேலையாக மாற்றுகிறது. மிச்சம் வெப்பமாகிப் போகிறது. ஆகவே ஏற்றத்துக்கு மட்டும் 900 கிலோகலோரி. கிடைத்தள நடைக்கு ஆவது தனி. உடம்பு மாவுச்சத்தாகச் சேமித்து வைத்திருப்பது மொத்தமாக 2000 கிலோகலோரி அளவுக்குத்தான் வரும். கொழுப்போ, ஒல்லியான ஆளிடம்கூட நாட்கணக்கில் நடக்கப் போதுமான அளவு இருக்கிறது. மூச்சிரைக்க ஏறினால் உடம்பு மாவுச்சத்தை வாரி இறைக்கும். பேசிக்கொண்டே ஏறும் வேகத்தில் கொழுப்புக்கும் பங்கு கிடைக்கும். பத்து நாள் பயணத்தில் உங்களைக் கடைசிவரை கொண்டுபோய்ச் சேர்ப்பது இந்த இரண்டாவது திறன்தான். அதை வளர்க்க வேண்டிய வாரங்களில் முதலாவதை மட்டுமே சோதித்துக்கொண்டிருக்கிறீர்கள்.

என் யோசனை இது. நான்கு ஏற்றத்தில் மூன்றைப் பேச்சு வேகத்தில் ஏறுங்கள். மூன்று மணி ஐம்பது நிமிடம் ஆனால் ஆகட்டும். நாலாவதில் மட்டும், அதுவும் நன்றாகத் தூங்கி எழுந்த நாளாகப் பார்த்து, கடிகாரத்தோடு மல்லுக்கட்டுங்கள். வாரநாட்களில் இரண்டு நாள் முக்கால் மணி நேரம் சாதாரண நடை. மாதத்தில் ஒரு வாரம் பாதி மலையோடு திரும்பிவிடுங்கள்; உடம்பு தன்னைத் திருத்திக்கொள்வது ஓய்வில்தான். போன வாரம் பத்து நிமிடம் கூடியது வலிமை குறைந்ததால் இருக்காது. எடையும் கூட்டி, வேகமும் கூட்டி, ஓய்வையும் விட்டிருக்கிறீர்கள், களைப்பு சேர்ந்திருக்கிறது.

இப்போது ஒரே மலை சரியா என்ற கேள்விக்கு வருகிறேன். சரி என்பேன், காரணமும் இருக்கிறது. உங்களுக்குள் என்ன மாறுகிறது என்று பார்க்க வேண்டுமானால் வெளியே ஏதாவது ஒன்று மாறாமல் இருக்க வேண்டும். புது மலை ஒவ்வொன்றிலும் சரிவு வேறு, பாறை வேறு, பாதை வேறு; அங்கே நீங்கள் நன்றாக ஏறினீர்களா, மலை எளிதாக இருந்ததா என்று பிரித்துச் சொல்ல முடியாது. அதே பாதையில் அதே பாறைத் திருப்பத்துக்கு வரும்போது நாடித்துடிப்பு என்ன என்று பார்த்துவையுங்கள். இரண்டு மாதம் கழித்து அதே நேரத்தில் அதே இடத்துக்கு வந்து, துடிப்பு பத்துக் குறைந்திருந்தால் அதுதான் முன்னேற்றம். மொத்த நேரம் ஒரு நிமிடம்கூட மாறியிருக்க வேண்டியதில்லை. வெயில் கடுமையான நாளிலும் சரியாகத் தூங்காத நாளிலும் துடிப்பு ஏறிக் காட்டும். அந்த நாட்களைக் கணக்கில் சேர்க்காதீர்கள். மறுநாள் காலையில் எப்படி எழுந்திருக்கிறீர்கள் என்பதும் ஓர் அளவுகோல். எனக்கு அதில் நம்பிக்கை அதிகம்.

ஒரே மலையில் பழகிப் பெரிய காரியம் செய்தவருக்கு உதாரணம் வேண்டுமானால் மேட் கார்பென்டர் இருக்கிறார். அமெரிக்காவின் கொலராடோவில் பைக்ஸ் சிகரம் 4302 மீட்டர். அடிவாரத்திலிருந்து உச்சிக்கு ஓட்டப் போட்டி நடக்கிறது. சுமார் 21 கிலோமீட்டர், 2300 மீட்டருக்கும் மேல் ஏற்றம். அந்த மலையின் அடிவாரத்திலேயே வாழ்ந்து, அதிலேயே பயிற்சி எடுத்தவர் கார்பென்டர். 1993-ல் 2 மணி 1 நிமிடம் 6 நொடியில் உச்சியைத் தொட்டார். 30 ஆண்டு அந்தச் சாதனையை யாரும் அசைக்கவில்லை. 2023-ல் சுவிட்சர்லாந்தின் ரெமி போனே முறியடித்தார். அவர் குறைத்ததும் ஒரு நிமிடத்துக்கு உள்ளேதான். இவர்கள் உடம்பு வாகு வேறு, நமக்கும் அவர்களுக்கும் ஒப்பில்லை. ஆனால் ஒரே மலையில் பழகினால் உடம்பு தேங்கிவிடும் என்று சொல்லும் நண்பருக்கு இந்தக் கதை போதும்.

அடுத்து முழங்கால். உங்கள் கடிதத்தில் ஒரே வரியில் தாண்டிப் போன இந்த விஷயத்தைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன்.

மலையேற்றம் என்று சொல்லிச் சொல்லி, இறங்குவதும் அதில் பாதி என்பதை மறந்துவிடுகிறோம். ஏறும்போது தொடையின் முன்தசை சுருங்கி உங்களைத் தூக்குகிறது. இறங்கும்போது அதே தசை, நீண்டுகொண்டே இழுத்துப் பிடிக்க வேண்டும். எடை முன்னால் விழாமல் ஒவ்வொரு அடியிலும் தாங்கி நிறுத்துகிறது. செலவோ மிகக் குறைவு. ஆல்பர்டோ மினெட்டி என்ற இத்தாலிய ஆய்வாளரும் குழுவினரும் 2002-ல் வெவ்வேறு சரிவுகளில் நடப்பதற்கு ஆகும் ஆற்றலை அளந்தார்கள். நடைக்கு மிகக் குறைந்த செலவு பிடிப்பது சமதரையில் இல்லை, நூற்றுக்குப் பத்து என்ற இறக்கத்தில். அதனால்தான் இறங்கும்போது மூச்சு வாங்குவதில்லை, நாடியும் அடங்கியிருக்கிறது, எளிதாக இருப்பதாகத் தோன்றுகிறது. உள்ளே தசை இழைகள் நுண்ணிய அளவில் கிழிபடுகின்றன. அன்றைக்குத் தெரியாது. மறுநாளும் அதற்கு மறுநாளும் படியிறங்கும்போது கைப்பிடியைத் தேட வைக்கும்.

மனித உடம்பு இதற்கு ஓர் அருமையான ஏற்பாடு வைத்திருக்கிறது. இப்படி ஒருமுறை அடிபட்ட தசை, அடுத்த சில வாரங்களுக்குள் அதே வேலையைச் சந்தித்தால், அந்த அளவுக்கு அடிபடுவதில்லை. ஒரே ஒரு நீண்ட இறக்கமே வாரக்கணக்கில் காப்பு தருகிறது. முதல் மாதத்தில் உங்களுக்கு இருந்த தொடைவலி இப்போது இருக்காது என்று நினைக்கிறேன். நீங்களும் அதைப் பற்றி எழுதவில்லை. வாராவாரம் மலைக்குப் போனதன் மிகப் பெரிய கூலி இது. நேரத்தைப் பார்த்துக்கொண்டிருந்ததால் கண்ணில் படவில்லை. பத்து நாள் பயணத்தில் மூன்றாம் நாளிலேயே கால் மடங்கிப் போகிறவர்கள் பெரும்பாலும் இறக்கத்துக்குப் பழகாதவர்கள்.

படிக்கட்டு நண்பருக்குப் பதிலும் இதிலேயே இருக்கிறது. மாடிப்படி நல்ல பயிற்சி. ஏறிவிட்டு மின்தூக்கியில் இறங்கினால் பாதிப் பயிற்சி. உடற்பயிற்சிக் கூடத்தின் படியேறும் இயந்திரத்தில் இறக்கமே கிடையாது. மலைக்குப் போக முடியாத வாரத்தில் மாடிப்படியில் ஏறி, மாடிப்படியிலேயே இறங்குங்கள்.

ஆனால் தசை பழகும் வேகத்தில் தசைநாரும் மூட்டும் பழகுவதில்லை. அவற்றுக்கு ரத்த ஓட்டம் குறைவு, மாதக்கணக்கில் எடுத்துக்கொள்ளும். தொடை தயார், நுரையீரல் தயார், முழங்கால் மட்டும் தயாரில்லை என்ற நிலை எல்லோருக்கும் வரும். நீங்கள் அங்கேதான் நிற்கிறீர்கள் என்பது என் ஊகம். அந்தத் தண்ணீர் பாட்டில்களை எடுத்துப்போவது நல்லதுதான், ஆனால் உச்சியில் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள். குடிக்க வேண்டியதை மட்டும் வைத்துக்கொண்டு வெறும் பாட்டிலோடு இறங்குங்கள். ஏற்றத்துக்கு எடை வேண்டும், இறக்கத்துக்கு இப்போதைக்கு வேண்டாம். வயதான கிழவரைப் போல மெதுவாக, சின்னச் சின்ன அடியாக, முழங்காலைச் சற்று மடித்தபடியே வையுங்கள். காலை விறைப்பாக நீட்டி ஊன்றினால் அதிர்ச்சி நேராக மூட்டுக்குப் போகிறது. இரண்டு கைக்கும் மலையேற்றக் கோல் வைத்துக்கொள்வதில் வெட்கம் எதுவும் இல்லை. முழங்காலின் சுமையில் ஒரு பங்கைத் தோள் வாங்கிக்கொள்ளும். நேரத்தை மிச்சம் பிடிக்க இறக்கத்தில் ஓடுகிற பழக்கம் இருந்தால் இன்றோடு விட்டுவிடுங்கள்.

இரண்டு தொடையிலும் பரவலாக வலித்து மூன்று நாளில் அடங்கினால் அது தசைவலி, கவலையில்லை. ஒரு முழங்காலில் மட்டும், விரலால் தொட்டுக் காட்டும்படி ஓரிடத்தில் வலித்தாலோ, வீங்கினாலோ, மடக்கும்போது சிக்கிக்கொள்வதுபோல இருந்தாலோ மலையை நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள். இதில் கடிதம் வழியாக யாரும் யோசனை சொல்லக் கூடாது, நானும் சொல்ல மாட்டேன்.

மூன்றாவது நண்பரின் பேச்சு ஆபத்தானது. மற்ற இருவரும் அரைகுறையாகவாவது சரி.

3000 மீட்டரில் காற்றில் ஆக்சிஜனின் விகிதம் கீழே இருப்பதுதான், நூற்றுக்கு 21. காற்றின் அழுத்தம்தான் கடல்மட்டத்தில் இருப்பதில் சுமார் 70 விழுக்காடாகக் குறைகிறது. ஒவ்வொரு மூச்சிலும் கிடைப்பதும் அந்த அளவுக்குக் குறைகிறது. 5500 மீட்டரில் பாதி. இதற்கு உடம்பு பல கட்டங்களாகப் பதில் சொல்கிறது. மூச்சின் வேகமும் ஆழமும் உடனே கூடும். அதனால் ரத்தத்தின் காரத்தன்மை மாறும். சிறுநீரகம் அதைச் சரிக்கட்டச் சில நாட்கள் ஆகும். சிவப்பணுக்களை உண்டாக்கச் சொல்லும் எரித்ரோபாய்ட்டின் சுரப்பு சில மணி நேரத்தில் ஏறத் தொடங்கும். ஆனால் அந்தக் கட்டளைப்படி அணுக்கள் உருவாகி ரத்தத்தில் சேர்வதற்கு வாரக்கணக்கில் அதே உயரத்தில் இருந்தாக வேண்டும். 1997-ல் பெஞ்சமின் லெவினும் ஜேம்ஸ் ஸ்ட்ரே-கன்டர்சனும் வெளியிட்ட புகழ்பெற்ற ஆய்வில் ஓட்டக்காரர்கள் 2500 மீட்டரில் குடியிருந்தார்கள். பயிற்சிக்கு மட்டும் 1250 மீட்டருக்கு இறங்கி வந்தார்கள். நான்கு வாரம், ஒவ்வோர் இரவும் உயரத்தில் தூங்கினார்கள். அப்படி இருந்தபோது சிவப்பணு கூடியது. வாரம் ஒருமுறை உச்சியில் ஒரு மணி நேரம் உட்கார்ந்துவிட்டு வந்தால் ரத்தம் ஊறாது.

இதை ஏன் இவ்வளவு நீட்டிச் சொல்கிறேன் என்றால், நல்ல உடல்வலு இருப்பவர்களை உயரநோய் விட்டுவைப்பதில்லை. சொல்லப்போனால் அவர்கள்தான் வேகமாக ஏறி மாட்டிக்கொள்கிறார்கள். உங்கள் குழுவில் எல்லோரையும்விட நன்றாக ஏறுகிறவராக நீங்கள் இருக்கப் போகிறீர்கள். முதலில் தலைவலி வருகிறவரும் நீங்களாகவே இருக்கலாம். 3000 மீட்டருக்கு மேலே போனபின், தூங்கும் இடத்தின் உயரத்தை நாளுக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டாதீர்கள்; மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை அதே உயரத்தில் இன்னோர் இரவு தங்குங்கள். தலைவலியோடு குமட்டலும் வந்தால் அன்றைக்கு அதற்கு மேலே ஏறக் கூடாது. நடை தள்ளாடினாலோ, பேச்சு குழறினாலோ, சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு முட்டினாலோ, இரவானாலும் கீழே இறங்கத்தான் வேண்டும். உங்கள் பயணத் திட்டத்தில் இந்தக் கணக்கு இடிக்கிறதா என்று நண்பர்களோடு இப்போதே உட்கார்ந்து பாருங்கள். பத்து நாளில் முடிக்க வேண்டும் என்று இரண்டு நாள் ஏற்றத்தை ஒரே நாளில் திணித்திருந்தால், நீங்கள் எடுக்கும் எந்தப் பயிற்சியும் அதை ஈடுகட்டாது.

அப்படியானால் வாராந்தர ஏற்றம் உயரத்தில் உதவவே உதவாதா? உதவும், வேறு வழியில். 5000 மீட்டரில் ஒருவரின் உச்சபட்சத் திறன் கடல்மட்டத்தில் இருப்பதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்காகச் சுருங்கிவிடும். எல்லோருக்கும் சுருங்கும். சுருங்கிய பிறகும் மிஞ்சுவது யாருக்கு அதிகமோ அவருக்கு அதே நடை லேசாக இருக்கும். கீழே திறனை வளர்த்துக்கொண்டு போவதற்கு அர்த்தம் இதுதான். அதோடு, காற்று மெலிந்த இடத்தில் வேகத்தைக் குறைத்து நடக்க ஒரு பழக்கம் வேண்டும். உங்கள் சிகரத்தின் கடைசி 300 மீட்டரில் மூச்சுக்கு ஓர் அடி என்று வைத்து, நிற்காமல், சலிக்காமல் போய்ப் பாருங்கள். நின்று நின்று பாய்கிறவரைவிட முன்னால் போய்ச்சேர்வீர்கள். மேலே தங்க இடமிருந்து, பயணத்துக்குச் சற்று முன்பாக இரண்டு மூன்று இரவுகள் அங்கே தூங்கிவிட்டு நேராகப் புறப்பட முடிந்தால், அது உண்மையிலேயே பயன்படும்.

உங்கள் முறையில் நான் குறை சொல்வதாக இருந்தால் ஒன்றே ஒன்று உண்டு. பயணம் பத்து நாள். நீங்கள் பழகுவதோ ஒரு நாள் உழைத்துவிட்டு ஆறு நாள் ஓய்வெடுக்கும் தாளத்துக்கு. களைத்த காலோடு மறுநாள் காலை எழுந்து நடப்பது தனித் திறமை. மாதம் ஒருமுறை இரண்டு நாள் தொடர்ச்சியாக ஏறுங்கள். முதல் நாள் முழுசாக, இரண்டாம் நாள் பாதிவரை போனாலும் போதும். அந்த இரண்டாம் நாளில் எப்போது தண்ணீர் குடிக்கிறீர்கள், எப்போது சாப்பிடுகிறீர்கள், காலணி எங்கே கடிக்கிறது, எந்த நேரத்தில் எரிச்சல் வருகிறது என்று கவனியுங்கள். என்னுடன் நடந்தவர்களில் பலரும் பசியைக் களைப்பு என்று நினைத்துக்கொள்கிறவர்கள். ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை ஏதாவது கையில் கொடுத்தால் முகம் தெளிந்துவிடும்.

பழகிய மலையில் இன்னொரு சிக்கல், அது நம்மை அசட்டையாக்கிவிடும். தெரிந்த பாதைதானே என்று விளக்கு எடுக்காமல், மழைச்சட்டை எடுக்காமல் போவோம். மேகம் திரள்வதைப் பார்த்துக்கொண்டே இன்னும் அரை மணிதானே என்று ஏறுவோம். உச்சியைத் தொட்டாலும் தொடாவிட்டாலும் திரும்பியாக வேண்டிய நேரம் ஒன்றைக் கிளம்பும்போதே வீட்டில் சொல்லிவிட்டுப் போங்கள். உங்களைப் போல நேரக்கணக்குப் பார்க்கிறவர்களுக்கு இது கொஞ்சம் கசக்கும்.

பயணத்துக்கு இன்னும் எத்தனை மாதம் என்று எழுதவில்லை. ஆறு மாதத்துக்கு மேல் இருந்தால் இப்போது ஒரு பத்து நாள் மலைப்பக்கமே போகாமல், முழங்கால் அடங்கிய பிறகு மறுபடி தொடங்குங்கள். எப்படியானாலும் கடைசி இரண்டு வாரத்தில் பெரிய ஏற்றம் எதுவும் வேண்டாம். அப்போது சேர்வது களைப்பு மட்டும்தான். வரும் வாரம் ஏறப்போவதாக இருந்தால் கடிகாரத்தைப் பைக்குள் போட்டுவிட்டு, அந்தச் செக்குமாடு நண்பரையும் கூட்டிக்கொண்டு போங்கள். பேச்சு வேகத்துக்குப் பேச ஆள் வேண்டுமே. மூன்றாம் நாள் அவர் தொடை எப்படி இருக்கிறது என்று கேட்டு எழுதுங்கள்.

அன்புடன்